பத்து மாதம் விட்டிருந்த புகையிலை மீண்டும் தொற்றிக்கொண்டது

கேள்வி (அம்பாசமுத்திரம் பக்கம்):
இருபத்திரண்டு ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை போட்டுவந்த நான், சென்ற ஆண்டு கார் நடவு முடிந்த கையோடு அதை அடியோடு நிறுத்தினேன். முதல் வாரம் தூக்கமே இல்லை. பிறகு மெல்ல மெல்ல நினைப்பு அற்றுப்போனது. இந்தச் சித்திரையில் அண்ணன் மகள் கல்யாணத்தில், பந்தி முடிந்து தாம்பாளம் வந்தபோது, என் கை தானாகவே காம்பைக் கிள்ளி, பின்பக்கத்து நரம்பை உரித்து, சுண்ணாம்பைத் தடவிவிட்டது. அன்று வெறும் பாக்கோடுதான் போட்டேன். மூன்றாம் நாள் புகையிலையும் வாங்கினேன். இப்போது பழைய அளவுக்கே வந்துவிட்டேன். என் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல், பரணில் கிடந்த வெற்றிலைச் செல்லப்பெட்டியை எடுத்துத் துடைத்துத் திண்ணையில் வைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. புகையிலையை மட்டும் விட்டுவிட்டு வெற்றிலை பாக்கோடு நின்றுகொண்டால் போதுமா?

பதில் (ஆத்தூர்):
அண்ணாச்சி, எங்கள் குடும்பத்துக்கு வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இலையின் மேல் எனக்குக் குறையில்லை. புகையிலையை மூன்று முறை விட்டு, மூன்று முறையும் திரும்பப் போட்ட பிறகுதான், மதியம் சாப்பிட்டுக் கை கழுவும் நேரமும் வரப்பில் உட்காரும் நேரமுமே என்னைக் கவிழ்க்கின்றன என்று கண்டுகொண்டேன். நான்காம் முறை, சாப்பிட்டு எழுந்ததும் மடியில் முடிந்துவைத்த சீரகத்தை வாயில் போட்டு, வாய்க்கால் வரை நடந்துவிடுவேன். பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால் வேகம் தணிந்துவிடும். இப்போது ஆறு ஆண்டாயிற்று. கல்யாண வீட்டில் வெற்றிலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டால் யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. பத்து மாதம் இருந்து காட்டியவர் நீங்கள். அது வீணென்று எண்ணி நாளைக் கடத்திவிடாதீர்கள்.

பதில் (பல் மருத்துவர், பாளையங்கோட்டை):
பாக்கோடு நிற்பது தீர்வாகாது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே பதிவு செய்திருக்கிறது. கன்னத்தின் உட்புறம் நார்போல இறுகி வாய் திறப்பது குறைவதும் பாக்கினால்தான். கண்ணாடி முன் நின்று, உங்கள் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். அவை நுழையாவிட்டாலும், இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனையில் காட்டுங்கள். விடுவதற்குத் துணை தேவைப்பட்டால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.

கேட்டவர்:
மூன்று விரலும் நுழைகின்றன. ஆனால் இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறது. திங்கட்கிழமை பாளையங்கோட்டைக்கு வருகிறேன். பெட்டியில் இருந்த பாக்கையும் புகையிலையையும் உரக்குழியில் கொட்டிவிட்டேன். காலியான பெட்டியில் என் மனைவி சீரகத்தை நிரப்பி வைத்திருக்கிறாள்.