தம்பிக்கு 19 வயது. யாரோ கண்காணிப்பதாகச் சொல்கிறான், உறக்கமும் இல்லை. முதலில் எங்கே அழைத்துச் செல்வது?

கேட்டவர்: வேர்க்கிளம்பி அக்கா

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி நாகர்கோவில் அருகே பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு வரை முன்னணியில் இருந்தவன், சென்ற பருவத்தில் நான்கு தாள்களில் தவறியபோது சோம்பல் என்றே எண்ணித் திட்டினோம். கடந்த மூன்று மாதங்களாக இரவு முழுவதும் விழித்திருந்து, அப்பா தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் புறப்படும் விடியற்காலையில்தான் படுக்கிறான். கைப்பேசியின் கேமராவை ஒட்டுநாடாவால் மூடியிருக்கிறான். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டிலிருந்து இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசுவது கேட்கிறது என்கிறான்; நானும் அவனுடன் சென்று நின்றேன், தொங்கிக்கொண்டிருந்த ஷீட்டுகளைத் தவிர அங்கே எதுவும் இல்லை. அம்மா விளம்பும் சோற்றைத் தொடுவதில்லை. கடையில் வாங்கிய பிஸ்கட் உறையைத் தன் கையாலேயே பிரித்தால் மட்டும் உண்கிறான்.

யாரோ கைவிஷம் கொடுத்துவிட்டார்கள், வாந்தியெடுக்க வைத்தால் தீரும் என்கிறார் மாமா. சித்தி உபவாச ஜெபத்துக்கு அழைக்கிறார். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதால் மனநல மருத்துவரிடம் சென்றால் ஊர் பேசும் என்று அம்மா அஞ்சுகிறார். இது தானாகச் சரியாகக்கூடியதா, காத்திருக்கலாமா?

தக்கலை செவிலியர் (மனநலப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்)

அன்புள்ள சகோதரிக்கு, நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் எழுதியவை எல்லாம் மூன்று மாதங்களாக ஒன்றாகத் தொடர்கின்றன என்றால், இந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்க்க அதுவே போதுமான காரணம். இல்லாத குரல் கேட்பதும், எத்தனை விளக்கினாலும் அசையாத சந்தேகமும் கொண்ட இந்நிலையை மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்பார்கள். இது பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது. மனச்சிதைவுதான் (ஸ்கிசோஃப்ரினியா) காரணம் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது; கஞ்சா, வலிப்பு நோய், தைராய்டு கோளாறு, மூளை அழற்சி, இருமுனை மனநோய் ஆகியவற்றிலும் இப்படி நேரலாம் என்பதால்தான் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் தலை ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள்.

காத்திருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் முதன்முறையாக இந்நோய் கண்ட 404 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறி தொடங்கியதிலிருந்து சிகிச்சை வரை கடந்த காலத்தின் இடைநிலை அளவு 74 வாரங்கள், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடவும் தாமதம் என்று கண்டார்கள். மருந்து, குடும்பத்துக்கான ஆலோசனை, படிப்புக்கும் வேலைக்குமான உதவி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்த சிகிச்சை, அந்த இடைவெளி குறைவாக இருந்தவர்களுக்கே அதிகப் பயன் தந்தது. உங்கள் தம்பிக்கு இன்னும் பதின்மூன்று வாரங்களே ஆகியிருக்கின்றன.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது; மருந்து இலவசம். உறக்கம் எந்தத் தேதியிலிருந்து குலைந்தது, குரல்கள் என்ன சொல்கின்றன, கஞ்சாவோ மாத்திரையோ பழக்கம் உண்டா, குடும்பத்தில் முன்பு யாருக்கேனும் இருந்ததா என்பனவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு செல்லுங்கள், ஏனெனில் புறநோயாளர் வரிசையில் நின்று உள்ளே போகும்போது பாதி மறந்துவிடும். சித்தியின் ஜெபத்தைத் தடுக்க வேண்டியதில்லை; மருத்துவரைப் பார்த்தபின் அதுவும் நடக்கட்டும். ஆனால், சரியாக உண்ணாத பிள்ளைக்கு வாந்தி மருந்து கொடுப்பதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மார்த்தாண்டம் பெரியவர்

மகளே, தேர்வு முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது என்பது என் எண்ணம். இந்த மாத்திரைகளைத் தொட்டால் வாழ்நாள் முழுவதும் தூங்கி வழிய வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உன் கல்யாணக் காரியமும் இருக்கிறதே.

குளச்சல்காரன்

பெரியவர் மன்னிக்க வேண்டும். அப்படிப் பொறுத்திருந்த வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். அந்தப் பிள்ளை நானேதான். 21 வயதில், கடற்கரையில் வலை சீராக்குபவர்கள் என்னைக் கொல்லத் திட்டமிடுவதாக நம்பினேன். வீட்டார் ஏழு மாதங்கள் ஒரு மந்திரவாதியிடம் அழைத்துச் சென்றார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. படகின் பங்கை விற்ற பணம் அங்கே போனது, ஒரு கல்வியாண்டும் போனது.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொண்டது, நாக்கு முறுகியது. விஷம்தான் கொடுத்துவிட்டார்கள் என்று நான் அலறியது இன்றும் நினைவிருக்கிறது. மருத்துவமனையில் ஓர் ஊசி போட்டார்கள், சிறிது நேரத்தில் கழுத்து இளகியது. இப்படி நேரலாம் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை அச்சம் இருந்திருக்காது, ஆகவே முதல் நாளே கேட்டுவிடுங்கள். தூக்க மயக்கம் எனக்கும் இருந்தது. அளவைக் குறைத்து, வேறு மருந்துக்கு மாற்றிய பிறகு விலகியது. எடை ஏறியதற்காகச் சர்க்கரையும் கொழுப்பும் அவ்வப்போது பார்க்கிறார்கள்.

குரல்கள் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. பக்கத்து வீட்டு வானொலியின் ஒலியைக் குறைத்தது போல, ஆறேழு வாரங்களில் தேய்ந்து போயின. குணமாகிவிட்டது என்று எட்டாம் மாதம் நானே நிறுத்தினேன், பத்து வாரத்தில் எல்லாம் திரும்பின. நன்றாக இருந்தாலும் குறைந்தது ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை தொடர வேண்டும், பிறகு மருத்துவர்தான் சிறிது சிறிதாகக் குறைப்பார் என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். இப்போது பனிக்கட்டிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன்.

அக்கா, ஒன்று மட்டும். புகைக்கூட்டில் யாருமில்லை என்று அவனிடம் வாதாட வேண்டாம். உண்டு என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நீ பயந்திருப்பது தெரிகிறது என்று சொல்லுங்கள். என் அம்மா அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன அன்றுதான் நான் பேருந்தில் ஏறினேன்.

வேர்க்கிளம்பி அக்கா

இருவருக்கும் நன்றி. எனக்குப் பைத்தியமா என்று கேட்டு அவன் வர மறுத்தால் என்ன செய்வது? கட்டியாவது தூக்கிச் செல்லலாம் என்கிறார் மாமா.

தக்கலை செவிலியர்

கட்டுவது என்ற பேச்சே வேண்டாம். ஏர்வாடியில் மனநோயாளர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை நம் தலைமுறை மறந்திருக்க முடியாது. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. அதே சட்டம் சிகிச்சை விவரத்தை இரகசியமாகக் காக்கவும் கட்டளையிடுகிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அவனுக்கே தொல்லையாக இருப்பது எது என்று பாருங்கள். உறக்கமின்மையைத் தன் குறையாக அவன் ஒப்புக்கொள்வான்; உறக்கத்துக்காக மருத்துவரைப் பார்ப்போம் என்பது பொய்யும் அல்ல. அதற்கும் மறுத்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி உதவியை அழையுங்கள். எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும்படி குரல் கட்டளையிடுகிறது என்றாலோ, உணவையும் நீரையும் முழுவதும் நிறுத்தினாலோ வெளிநோயாளர் நேரத்துக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அவன் சம்மதிக்கும் நிலையில் இல்லாதபோது, மருத்துவர்கள் பரிசோதித்துத் தேவை என்று கண்டால், குடும்பத்தாரின் வேண்டுகோளில் 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு.

வேர்க்கிளம்பி அக்கா

நேற்றிரவு அவனிடம் உறக்கத்தைப் பற்றி மட்டும் பேசினேன். தலைக்குள் இரைச்சலாக இருக்கிறது, அது நின்றால் போதும் என்றான். திங்கட்கிழமை காலை நானும் அப்பாவும் அழைத்துச் செல்கிறோம். அன்றைக்குப் பால்வெட்டு இல்லை. வழியில் உண்ண, பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.