சமாமிஷ் ஒலிம்பியாவிடம் எதை முதலில் கேட்க வேண்டும்?

பைன்லேக்_வாசி
ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை வந்தால் தலைநகர் ஒலிம்பியாவில் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் கூடிவிடும். அதற்கு முன்பே நம் பக்கத்து ஊர்கள் எல்லாம் 'இந்த முறை எங்களுக்கு இதெல்லாம் வேண்டும்' என்று ஒரு பட்டியல் போட்டு, கவுன்சிலில் நிறைவேற்றி, தொகுதியின் செனட்டர், பிரதிநிதிகள் கையில் கொடுத்துவிடும். புறநகர் ஊர் என்றால் வழக்கமாக அதில் மூன்று விஷயங்கள் இருக்கும். எங்கள் மனைகளில் எதைக் கட்டலாம் என்பதை எங்களிடமே விடுங்கள். சொத்து வரி உச்சவரம்பைத் தளர்த்துங்கள். சாலைக்குப் பணம் கொடுங்கள். சியாட்டில் பக்கத்துப் புறநகரான நம் சமாமிஷ் எதை முதலில் வைக்க வேண்டும் என்று பேசத்தான் இந்த இழை.

என் ஓட்டு முதலாவதுக்கு. 2023-ல் எச்பி 1110 என்ற மாநிலச் சட்டம் வந்தது. 75,000 பேருக்கு மேல் உள்ள ஊரில் மனைக்கு நான்கு வீடு, நம்மைப் போல 25,000-க்கு மேல் உள்ள ஊரில் இரண்டு வீடு கட்ட அனுமதித்தே ஆக வேண்டும். 2025 ஜூன் 30-க்குள் ஊர் விதியை மாற்று, மாற்றாவிட்டால் மாநிலத்தின் மாதிரி விதி தானாக அமலுக்கு வரும் என்று கெடு வேறு. ரயில் நிலையம் பக்கத்தில் உள்ள ஊருக்கு இது சரி. நம் ஊர் மேட்டில் இருக்கிறது, இறங்கும் வழிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். காலை எட்டு மணிக்கு, கீழே இறங்கும் சாலையான சஹாலி வேயில் வந்து நின்று பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

ரெட்மண்ட்_வாடகை
எட்டு மணிக்கு சஹாலி வேயில் என் மனைவியும் நிற்கிறாள் சார், மேலே ஏறுகிற பக்கம். உங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியை. அவள் சம்பளத்துக்கு அந்த மேட்டில் ஒரு ஷெட் கூட வாடகைக்குக் கிடைக்காது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், கடையில் பில் போட ஆள் வேண்டும், ஆனால் ராத்திரி எல்லோரும் கீழே போய்விட வேண்டும். அந்த நெரிசலில் பாதி நீங்களே இழுத்துவிட்டது.

இன்னொன்று. எச்பி 1110 யாரையும் இரண்டு வீடு கட்டச் சொல்லவில்லை, கட்ட நினைப்பவரைத் தடுக்காதே என்கிறது. ஏற்கெனவே உள்ள எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்க) ஒப்பந்தங்களைத் தொடக்கூட இல்லை, புதிதாக எழுதுகிறவற்றில்தான் தடை போட முடியாது. சமாமிஷில் எத்தனை தெரு எச்ஓஏ என்று உங்களுக்கே தெரியும்.

அதிகாரம் ஊர் கையில் இருந்தபோது என்ன நடந்தது என்றும் சொல்லுங்கள். 2017 அக்டோபரில் கட்டுமானத்துக்கே தடை. பிறகு போக்குவரத்துக் கணக்கைக் காட்டி வீடுகளை நிறுத்தும் விதிகள். 2020-ல் மாநிலத்தின் வளர்ச்சி மேலாண்மை விசாரணை வாரியம் அந்த விதிகள் செல்லாது என்றது.

பைன்லேக்_வாசி
வாரியம் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் வீடு வரும்போது சாலையும் கூடவே வர வேண்டும் என்று 1990-ன் வளர்ச்சி மேலாண்மைச் சட்டமே சொல்கிறது. நாங்கள் அதைத்தான் கேட்டோம். மாநிலம் வீட்டுக்கு மட்டும் கெடு வைக்கிறது, சாலைக்கு வைப்பதில்லை. வடக்கு எல்லையில் ஓடும் 202-ம் எண் சாலை மாநில நெடுஞ்சாலை. அதை அகலப்படுத்த ஊருக்கு அதிகாரமும் இல்லை, காசும் இல்லை. அப்புறம் பார்க்கிங். 2025-ல் வந்த சட்டப்படி அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு அரை இடத்துக்கு மேல் ஊர் கட்டாயப்படுத்த முடியாது. அரைக் காரை எங்கே நிறுத்துவது?

வரிச்சீட்டு
இருவரும் இரண்டாவது விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். மூன்றிலும் ஊர் கழுத்தை உண்மையாகவே நெரிப்பது அதுதான்.

பிப்ரவரியில் கவுண்டி அனுப்பும் சொத்து வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்கு, மாநிலப் பங்கும் உள்ளூர்ப் பங்கும் சேர்த்து. ஊர் நிர்வாகத்துக்குப் போகும் துண்டு சின்னது. அந்தத் துண்டு மொத்தமாக ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, புதுக் கட்டடங்களால் வருவது மட்டும் தனி. 2001-ல் வாக்காளர்கள் போட்ட விதி. 2007-ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, அதே மாதம் சட்டமன்றம் அவசரமாகக் கூடி அதைத் திரும்பப் போட்டது.

கணக்கு சுலபம். இன்று 100 டாலர் வசூல் என்றால் பத்து ஆண்டு கழித்து 110 டாலர் 46 சென்ட். செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் அப்போது தேவை 148. நமக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது, கிங் கவுண்டி ஷெரீஃப் அலுவலகத்தோடு ஒப்பந்தம். போலீஸ்காரர் சம்பளம் 1 சதவீதத்துக்குக் கட்டுப்பட்டு ஏறாது.

பக்கத்து நகரம் பெல்வியூவுக்குக் கடைகளின் விற்பனை வரி இருக்கிறது. நமக்கு? பொருள் எங்கே வந்து இறங்குகிறதோ அந்த ஊருக்குத்தான் உள்ளூர் விற்பனை வரி. அதனால் உங்கள் வாசலில் வந்து விழும் அட்டைப் பெட்டிதான் நம் ஷாப்பிங் மால். 100 டாலர் பெட்டிக்கு ஊரின் அடிப்படைப் பங்கு 85 சென்ட். எங்கள் வீட்டில் வாரம் நான்கு பெட்டி வருகிறது, ஊருக்குச் செய்யும் தொண்டு என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

உச்சவரம்பை 3 சதவீதம் ஆக்கும் மசோதா 2024-லும் வந்தது, 2025-லும் வந்தது. இரண்டும் கரை சேரவில்லை. பட்டியலில் முதல் வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கிளாஹானி_அக்கா
தம்பி, கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதிக் கதைதான் சொன்னீர்கள். 1 சதவீதத்துக்கு மேல் வேண்டுமென்றால் ஊருக்கு இன்றைக்கே வழி இருக்கிறது. வாக்குச்சீட்டில் வைத்து, எதற்குச் செலவு என்று சொல்லி, பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் போதும், வரம்பைத் தூக்கலாம். அதைச் செய்ய ஒலிம்பியாவின் தயவு எதற்கு? 3 சதவீதம் கேட்பதற்கு ஒரே அர்த்தம், எங்களைக் கேட்காமல் ஏற்ற வேண்டும் என்பது.

எங்கள் கிளாஹானி பகுதி 2016 ஜனவரியில்தான் சமாமிஷில் சேர்ந்தது. பக்கத்து ஊர் இசக்வாவோடு சேரலாமா என்று முன்பு கேட்டபோது வேண்டாம் என்றோம், அப்புறம் சமாமிஷுக்குச் சரி என்றோம். இரண்டு முறையும் எங்களைக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று ஆறு ஆண்டு ஆகிறது. வீட்டு மதிப்பு ஏறுகிறது என்று எல்லோரும் வாழ்த்துகிறார்கள். ஏறிய மதிப்பை வைத்து அரிசி வாங்க முடியுமா? ஏப்ரல் 30, அக்டோபர் 31 இரண்டு தவணைக்கும் பணம் எடுத்து வைப்பதே எங்கள் காலண்டர்.

வரிச்சீட்டு
அக்கா, வரம்பு ஊரின் மொத்த வசூலுக்கு, உங்கள் ஒரு வீட்டுக்கு அல்ல. உங்கள் பகுதி மதிப்பு மற்ற பகுதியைவிட வேகமாக ஏறினால் 1 சதவீத ஊரிலும் உங்கள் பங்கு பத்து சதவீதம் ஏறலாம். அது உங்களைக் காப்பாற்றும் சுவர் என்று நினைப்பது பாதிதான் உண்மை.

ஆனால் ஓட்டுக்கு விடலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் குறை, சாலையில் குழி அடைப்பதற்கும் பூங்காவில் புல் வெட்டுவதற்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் பிரச்சாரம் நடத்த வேண்டியிருக்கிறது என்பதுதான்.

கிளாஹானி_அக்கா
நடத்தட்டுமே. வீடு வீடாக வந்து கேட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

ரெட்மண்ட்_வாடகை
வெளியூர்க்காரனாக ஒன்று சொல்கிறேன். ஒலிம்பியாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணால் இந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். முதல் வரி 'கையை எடு'. இரண்டாவது 'வரி போட விடு'. மூன்றாவது 'காசு கொடு'. மருமகன் தனிக்குடித்தனமும் போக வேண்டும், மாசாமாசம் மாமனார் வீட்டுப் பணமும் வர வேண்டும் என்கிற மாதிரி. 2021-லேயே எச்பி 1220 என்ற சட்டம் எல்லா வருமானத்தாருக்கும் வீடு திட்டமிடு என்றுவிட்டது. அதில் ஒத்துழைக்கிறோம், அதற்குச் சாலை கொடு, பஸ் கொடு என்று கேட்டால் யாராவது காது கொடுப்பார்கள். 2025 மே மாதம் ரயில் ரெட்மண்ட் டவுன்டவுன் வரை வந்துவிட்டது, மேரிமூர் நிலையத்தில் 1,400 கார் நிறுத்தலாம். மேட்டிலிருந்து அங்கே பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் கேளுங்களேன்.

அப்புறம், பைன்லேக் சார், தப்பாக நினைக்காதீர்கள். போன மாதம் இதே தளத்தில் பின்கட்டில் தனி வீடு கட்ட நல்ல கான்ட்ராக்டர் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டது நீங்கள்தானே?

பைன்லேக்_வாசி
நான்தான். அம்மா நிரந்தரமாக இங்கே வருகிறார். முட்டி தேய்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் படுக்கையறை எல்லாம் மாடியில், கீழே கால் வைக்கும் அளவு ஒரு கழிப்பறை மட்டும். போன முறை வந்தபோது படியில் பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். பார்க்க முடியவில்லை. கொல்லையில் படியே இல்லாமல் 1,000 சதுர அடி போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.

நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அதற்கு ஊர் குறுக்கே நிற்க முடியாமல் செய்ததும் மாநிலச் சட்டம்தான். 2023-ன் எச்பி 1337. 1,000 சதுர அடிக்குக் கீழே வரம்பு வைக்கக்கூடாது என்று இருக்கிறது. இருந்தாலும் அம்மாவுக்கு ஒரு வீடு கட்டுவதும், பில்டர் ஒருவர் மூன்று தேவதாரு மரத்தைச் சாய்த்து இரண்டு வீடு போட்டு விற்றுவிட்டுப் போவதும் ஒன்றாகாது.

ரெட்மண்ட்_வாடகை
அந்த வீட்டில் அம்மாவுக்குப் பதில் என் மனைவி மாதிரி ஒருத்தி வாடகைக்கு இருந்தால்?

பைன்லேக்_வாசி
அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சரி, என் வரிசையை மாற்றுகிறேன். 202 நெடுஞ்சாலையும் பஸ்ஸும் முதலில், எதைக் கட்டலாம் என்கிற தன்னாட்சி இரண்டாவது. பட்டியலை விட்டு எடுக்க மாட்டேன். பார்க்கிங் பற்றி இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

கிளாஹானி_அக்கா
கவுன்சில் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். மசோதா கமிட்டிக்கு வரும்போது வீட்டிலிருந்தே பேசலாம், நான் ஒருமுறை பேசியிருக்கிறேன். இரண்டு மணி நேரம் ஜூமில் காத்திருந்து, கிடைத்தது ஒரு நிமிடம், அதில் பாதி மைக்கைத் தேடியே போயிற்று. பேச வேண்டாம் என்றால் ஆதரவு, எதிர்ப்பு என்று பதிவு மட்டும் செய்யலாம். கமிட்டி கூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை முடித்துவிட வேண்டும், அப்புறம் பக்கம் மூடிக்கொள்ளும். 3 சதவீதம் திரும்ப வந்தால் நான் எதிர்ப்பு.

வரிச்சீட்டு
நான் ஆதரவு. பதிவுப் பக்கம் திறந்ததும் இங்கே சொல்கிறேன், அக்கா.