வரிமுறிவை (எண்டர் தட்டினா விழுற எழுத்தை) உள்ளே வரும்போதே மாத்தணுமா, வெளியே போகும்போதா?

தங்கசாலை_டெவ்: சௌகார்பேட்டை மொத்தக் கடைகளுக்கு பில்லிங் செயலி. முகவரிப் பெட்டியில எண்டர் தட்டி மூணு வரியா எழுதுறாங்க. சர்வர் லினக்ஸ், கடையில விண்டோஸ். தெர்மல் பிரிண்டர்ல சில முகவரி மட்டும் வரிக்கு வரி இடைவெளி விட்டு அச்சாகுது. வெப் ஃபார்ம், மொபைல் ஆப் ரெண்டு வழியாவும் டேட்டா வருது. எங்க சரி பண்றது?

பெரம்பூர்_லோகோ: வாசல்லயே பண்ணு தல. பிரவுசர் ஃபார்மை சப்மிட் பண்ணா ஒவ்வொரு எண்டரும் 13 (கேரேஜ் ரிட்டர்ன்), 10 (லைன் ஃபீட்)னு குறியீட்டு எண் உள்ள ரெண்டு எழுத்தா வரும். லினக்ஸ்ல உட்கார்ந்து தட்டினாலும் அப்படித்தான். ஆப் ஜேசன்ல (டேட்டா அனுப்புற ஒரு எழுத்து வடிவம்) அனுப்புறது பெரும்பாலும் வெறும் 10. ஒரே முகவரி டேட்டாபேஸ்ல ரெண்டு உருவத்துல கிடந்தா டூப்ளிகேட் தேடுறப்போ சிக்காது. நீளமும் உதைக்கும்: பெட்டிக்கு 120 எழுத்து வரம்புன்னா பிரவுசர் எண்டரை ஒண்ணா எண்ணும், சர்வருக்கு வர்றப்போ ரெண்டு. 120 எழுத்துள்ள மூணு வரி முகவரி 122 ஆகி, டேட்டாபேஸ்ல அந்த ஃபீல்டு ஏத்துக்காது. எல்லாத்தையும் 10 ஆக்கிட்டு சேமி. முதல்ல 13, 10 ஜோடியை மாத்து, அப்புறம் தனியா நிக்கிற 13ஐ. வரிசையைத் திருப்பிப் போட்டா ஒவ்வொரு எண்டரும் ரெண்டாகிடும்.

காசிமேட்டுக்காரி: நான் ஒத்துக்க மாட்டேன். வந்ததை வந்தபடி வெச்சுட்டு, வெளியே அனுப்புற இடத்துல மாத்துறதுதான் பாதுகாப்பு. வாசல்ல மாத்தணும்னு சொன்னா பாதி பேர் அதை மிடில்வேர்ல (எல்லா ரிக்வெஸ்ட்டும் கடந்து போற பொதுக் கோடு) போட்டு மொத்த ரிக்வெஸ்ட்டுக்கும் ஓட்டுவாங்க. பேமெண்ட் வெப்ஹூக்கோட (பணம் வந்ததும் பேமெண்ட் கம்பெனி நம்ம சர்வருக்கு அனுப்புற தகவல்) சரிபார்ப்புக் கையொப்பம் வந்த பைட்டுகள் மேலதான் கணக்காகுது. ஒரே ஒரு 13 போச்சுன்னாலும் கையொப்பம் பொருந்தாது. படம் அப்லோட் பண்ணா அதுவும் உடையும். பிஎன்ஜி படக் கோப்போட முதல் 8 பைட்டுக்குள்ள 13, 10, 26, 10 வெச்சிருக்கிறதே இந்த மாதிரி மாத்தினா உடனே தெரியணும்னுதான்.

பெரம்பூர்_லோகோ: மிடில்வேர்ல போடுன்னு நான் எங்க சொன்னேன்? முகவரி, குறிப்பு மாதிரி எழுத்து ஃபீல்டுகளைச் சரிபார்க்கிற இடத்துல (வேலிடேஷன்) மட்டும். வெளியே போற வழி ஒண்ணா ரெண்டா? லேபிள், மெயில், எக்செல், வாட்ஸ்அப். ஒவ்வொண்ணுலயும் ஞாபகமா மாத்தணும்னா ஒண்ணு விட்டுப் போறது நிச்சயம்.

காசிமேட்டுக்காரி: ஃபீல்டு அளவுலன்னா சரி, அந்த ஒண்ணை விட்டுத் தர்றேன். ஆனா அதோட வேலை முடியாது, வெளியேயும் கவனிக்கணும். தங்கசாலை தம்பி, உங்க பிரிண்டர் எஸ்க்-பாஸ் (ரசீது பிரிண்டர்களுக்கான கட்டளை முறை) வகையா இருந்தா ஆட்டோ லைன் ஃபீட் ஆன்ல இருக்கான்னு பாருங்க. பல மாடல்ல அது அடியில ஒரு டிப் ஸ்விட்ச் (குட்டி ஆன்-ஆஃப் பொத்தான்). ஆஃப்ல இருந்தா பிரிண்டர் 13ஐக் கண்டுக்காது. ஆன்ல இருந்தா 13க்கு ஒரு வரி, 10க்கு ஒரு வரி தள்ளும். ஃபார்ம்ல வந்த முகவரிக்கு இடைவெளி விழுந்து, ஆப்ல வந்தது ஒழுங்கா வர்றதுக்கு அதுதான் காரணமா இருக்கும். பிரிண்டருக்கு 10 மட்டும் அனுப்புங்க.

தங்கசாலை_டெவ்: ஆன்லதான் இருக்கு அக்கா. இடைவெளி விழுற முகவரி எல்லாமே ஃபார்ம்ல வந்தது. இன்னொண்ணு: கடை விண்டோஸ்ல பைத்தான் எழுதுற சிஎஸ்வியை (கமாவால பிரிச்ச அட்டவணைக் கோப்பு) எக்செல்ல திறந்தா ஒண்ணு விட்டு ஒரு வரி காலி. அதுவும் இதேதானா?

காசிமேட்டுக்காரி: அது வேற. பைத்தானோட சிஎஸ்வி மாட்யூல் ஒவ்வொரு பதிவு முடிவுலயும் தானே 13, 10 எழுதும். கோப்பை சாதாரணமா திறந்திருந்தா விண்டோஸ்ல அந்த 10 மறுபடி 13, 10 ஆகி, மொத்தம் 13, 13, 10. திறக்கும்போது நியூலைன் ஆர்க்யுமெண்டுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுங்க, படிக்கிறப்பவும். வாசல்ல எவ்வளவு சுத்தம் பண்ணாலும் இது போகாது, லோகோ அண்ணே.

ராயபுரம்_13: சிஎஸ்வியை வரி வரியா வெட்டிப் படிக்காதப்பா. மேற்கோள் குறிக்குள்ள எண்டர் இருக்கலாம், முகவரி நடுவுலயே பதிவு அறுந்துடும். சிஎஸ்வி ரீடரையே விடு. எழுத்தை வரியா வெட்டுற பைத்தானோட ஸ்பிளிட்லைன்ஸ் 10, 13 மட்டுமில்ல, 11, 12, 133, 8232 குறியீடுள்ள எழுத்துலயும் வெட்டும்.

பெரம்பூர்_லோகோ: சிஎஸ்வி விஷயம் சரிதான். ஆனா பழைய பதிவுகளை இப்பவே ஒரு அப்டேட்ல மாத்திடணும். புதுசு 10, பழசு 13, 10ன்னு கலந்து கிடந்தா தேடல் இன்னும் மோசமாகும்.

காசிமேட்டுக்காரி: பழைய ஃபீல்டை அப்படியே விட்டு, சுத்தமானதைப் புது ஃபீல்டுல எழுதுங்க. தேடல் அதுல ஓடட்டும். ஏற்கெனவே தப்பான வரிசையில மாத்திப் போட்ட பதிவு இருந்தா ரெண்டு 10 ஒட்டி நிக்கும்; அது கடைக்காரர் வேணும்னு விட்ட காலி வரியான்னு பழசு இல்லாம சொல்லவே முடியாது.