லாஸ் ஏஞ்சலஸ் பேஸ்பால் அணி டாட்ஜர்ஸின் 2024: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தென்காசிக்காரி

வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) முதல் ஆட்டம், அக்டோபர் 25. எதிரணி நியூயார்க் யாங்கீஸ். எங்கள் ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த கிராண்ட் ஸ்லாமை (மூன்று பேஸிலும் ஆள் நிற்க, பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன்) எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு மனதைவிட்டுப் போகாதது அதற்குச் சற்று முன்னால் நடந்தது.

பத்தாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 3-2 முன்னிலை. இரண்டு பேர் பேஸில், ஒரு அவுட். டாட்ஜர்ஸ் நட்சத்திரம் ஓட்டானி பேட் பிடிக்க வந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. யாங்கீஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) கோர்ட்டெஸ் போட்ட முதல் பந்தையே தூக்கி அடித்தார். யாங்கீஸ் ஃபீல்டர் வெர்டுகோ ஓடிப்போய்ப் பிடித்து, தடுப்பைத் தாண்டி ரசிகர்கள் நடுவே விழுந்தார். எங்கள் வரிசையில் பாதிப்பேர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

பக்கத்து இருக்கையில் 34 போட்ட சட்டையோடு ஒரு மெக்சிகோ பாட்டி. 34ஆம் எண்ணில் ஆடிய டாட்ஜர்ஸின் பழைய பிட்சர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா இறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆட்டம் தொடங்குமுன் அவரோடு ஆடிய ஹெர்ஷைசரும் யேகரும் அவர் நினைவாகப் பிட்சர் மேட்டில் பந்தை வைத்தபோது பாட்டி அழுதுகொண்டிருந்தார். ஓட்டானி அவுட் ஆனதும், அடுத்து வந்த பெட்ஸை அடிக்க விடாமல் வேண்டுமென்றே வாக் கொடுத்து முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். பாட்டி என் முழங்கையைப் பிடித்து, "இப்போ ஃப்ரெடி, பாரு" என்றார். அடுத்த பந்தே வலது பக்கம் பறந்தது. வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் கிராண்ட் ஸ்லாமால் ஆட்டம் முடிந்தது அதுதான் முதல் தடவை. அடித்தவரோ கணுக்கால் சுளுக்கோடு ஆடியவர்! பாட்டி பிடித்த பிடியில் என் கை சிவந்துபோயிருந்தது. வெளியே வரும் நெரிசலில் அவரைத் தேடினேன், கிடைக்கவில்லை.

பாம்பானோ வாசி

ஃப்ரீமன் பெரிய ஆட்டக்காரர், சரி. ஆனால் அந்த சீசன் ஓட்டானியுடையது. நான் செப்டம்பர் 19 அன்று மயாமியில் இருந்தேன். ஆறு முறை பேட் பிடிக்க வந்து ஆறும் ஹிட், மூன்று ஹோம் ரன், இரண்டு ஸ்டீல் (பிட்சர் ஏமாற அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), அவர் அடியால் அணிக்குப் பத்து ரன். ஒரே சீசனில் 50 ஹோம் ரன், 50 ஸ்டீல், அந்த 50-50 என்ற கணக்கை அதற்கு முன் யாரும் தொட்டதில்லை. பிட்சராகவும் ஆடுகிறவர், முழங்கை அறுவை சிகிச்சையால் பந்து வீச முடியாத வருடத்தில் இதைச் செய்தார்.

ஐம்பதாவது ஹோம் ரன்னுக்கு வந்தபோது முதல் பேஸ் காலி. வாக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். மயாமி மேனேஜர் ஷூமேக்கர் மாட்டேன் என்றுவிட்டார். என் முன்வரிசையில் மயாமி தொப்பி போட்ட ஒருவர் ஆட்டம் முழுக்கத் தன் அணியைத் திட்டிக்கொண்டிருந்தார். பந்து இடது பக்கம் போய் விழுந்ததும் அவர் தொப்பியைக் கழற்றி ஓட்டானியைப் பார்த்து ஆட்டினார். எதிரணி ரசிகர் அப்படிச் செய்ததை நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. (அந்தப் பந்து பிறகு ஏறக்குறைய 44 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, வழக்கும் வந்தது. அது வேறு கதை.)

புல்பென் பித்தன்

அக்காவும் சரி, அண்ணனும் சரி, நட்சத்திரங்களையே பார்க்கிறீர்கள். இவர்கள் வேர்ல்ட் சீரிஸுக்குப் போனதே புல்பென்னால்தான் (ஆட்ட நடுவே மாற்றாக வரும் பிட்சர்கள்). அதற்கு முந்தைய ஐந்து ஆட்டத் தொடரில் சான் டியாகோ பாட்ரேஸ் அணியிடம் 2-1 என்று பின்தங்கியிருந்தபோது நடந்த நாலாவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்கள் கிளாஸ்னோ, கெர்ஷா எல்லோரும் காயம். அன்று ஃப்ரீமன் ஆடவே இல்லை. எட்டு பிட்சர்கள் மாறி மாறி வந்து 8-0 என்று முடித்தார்கள். நான் சான் டியாகோவின் பெட்கோ பார்க் அரங்கில் மேல் வரிசையில் இருந்தேன். ஒவ்வொரு முறை புல்பென் கதவு திறக்கும்போதும் சுற்றிலும் இருந்த பாட்ரேஸ் ரசிகர்கள் "இப்போ விழுவான்" என்று எழுந்தார்கள். யாரும் விழவில்லை. ஐந்தாவது ஆட்டத்தையும் சேர்த்து, சான் டியாகோ கடைசி 24 இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. எட்டுப் பேரில் ஒருவரை இங்கே யாராவது பேர் சொன்னீர்களா?

திருச்சிச் செவிலி

எனக்கு ஆகஸ்ட் 5. ஃப்ரீமனின் 3 வயது மகன் மேக்ஸுக்கு கீயன்-பாரே நோய் (நரம்பைத் தாக்கித் தசைகளை முடக்குவது) வந்து வென்டிலேட்டர் வரை போய், அப்பா திரும்பி ஆட வந்த நாள். மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டியது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அழுதார். என் அக்கா மகனுக்கும் அதே நோய் வந்தது. அவன் விரலை முதலில் அசைத்த காலை என் கண்முன் வந்துவிட்டது. அன்றைய ஸ்கோர்கூட எனக்கு நினைவில்லை.

ஆர்ட்டீசியா மாமா

ஆட்டம் தொடங்குமுன் சடங்காகப் போடும் முதல் பந்தை ஓட்டானியின் நாய் டெக்காய் போட்ட ஆகஸ்ட் 28 அன்று பிள்ளைகளோடு போனேன். நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடி வந்தது. பிறகு ஓட்டானி முதல் ஆளாக வந்து ஹோம் ரன் அடித்தார். என் சின்ன மகள் இன்றும் நாய்தான் ஜெயிக்க வைத்தது என்கிறாள்.

முதல்முறை போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காரை எடுக்காதீர்கள். யூனியன் ஸ்டேஷனில் இருந்து டாட்ஜர் ஸ்டேடியம் எக்ஸ்பிரஸ் பஸ் இருக்கிறது, ஆட்ட டிக்கெட் இருந்தால் இலவசம். கோடையில் மூன்றாவது பேஸ் பக்கம் சீட் வாங்குங்கள், நிழல் அங்கேதான் முதலில் வரும். வலது பக்கம் உட்கார்ந்தால் சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கும். பை கண்ணாடி மாதிரி உள்ளே தெரிய வேண்டும், சாதாரணத் தோள்பையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாப்பாடு உள்ளே கொண்டுபோகலாம். நாங்கள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போவோம். உள்ளே ரொக்கம் செல்லாது, கார்டு வேண்டும். பொம்மை கொடுக்கும் நாள் என்றால் மூன்று மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள். பிள்ளைகளுக்கு இரவில் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம்.

எடிசன் யாங்கீஸ்

மாமா, நன்றி. ஆனால் எங்கள் வேதனையையும் கேளுங்கள். வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ், யாங்கீ ஸ்டேடியம். 5-0 முன்னிலை. எங்கள் பிட்சர் கெரிட் கோல் அதுவரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. எங்கள் நட்சத்திரம் ஆரன் ஜட்ஜ் சுலபமான கேட்சை விட்டார், வோல்பி மூன்றாவது பேஸுக்குத் தப்பாக எறிந்தார். அப்படியும் லக்ஸையும் ஓட்டானியையும் கோல் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். பெட்ஸ் மெதுவாக உருட்டிய பந்தை முதல் பேஸ் ஆட்டக்காரர் ரிஸ்ஸோ எடுத்தார். கோல் முதல் பேஸுக்கு ஓடவில்லை, அங்கே போ என்று கையைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த நீட்டிய கை! பெட்ஸ் தப்பினார், ஒரு ரன் வந்தது. பிறகு ஃப்ரீமன் இரண்டு, டெயோஸ்கர் ஹெர்னாண்டஸ் இரண்டு, 5-5. கடைசியில் 7-6 என்று தோற்றோம். ரிஸ்ஸோ நேராக ஓடியிருந்தால் போதும் என்கிறான் என் தம்பி. பிட்சர்தான் பேஸுக்குப் போக வேண்டும், அது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும்.

புல்பென் பித்தன்

உங்கள் தம்பி சொல்வது தவறு. பந்து சுழன்று வந்தது, ரிஸ்ஸோ நின்று வாங்கியது சரி. பெட்ஸ் உயிரைக் கொடுத்து ஓடினார், அதையும் சொல்லுங்கள். அப்புறம், அன்று ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸிடம் வீச ஆளே மிச்சமில்லை. ஒரே ஒரு நாள் இடைவெளியில், மூன்றாவது ஆட்டத்தைத் தொடங்கி வைத்த ப்யூலர் வந்து மூன்று பேரையும் வரிசையாக அவுட் ஆக்கினார். தொடர் நாயகன் பட்டியலில் அவர் பேரைத் தேடிப் பாருங்கள், இருக்காது.