மோதிரம் எரிஞ்சு போச்சு, இன்னும் ஆறு அத்தியாயம் எதுக்கு?

லாஸ்பேட்டை மாணவன்:
எல்லாருக்கும் வணக்கம். டோல்கீனோட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூணு பாகத்தையும் நாலு மாசமா படிச்சிட்டு வர்றேன். நேத்து ராத்திரி, கதை முழுக்க அழிக்கப் பாடுபடுற அந்த மந்திர மோதிரம் எரிமலைக்குள்ள விழுந்துடுச்சு. முடிஞ்சதுன்னு பக்கத்தைப் புரட்டினா இன்னும் ஆறு அத்தியாயம் பாக்கி இருக்கு. முடிசூட்டு விழா, கல்யாணம், ஒவ்வொருத்தரா விடைபெறுறதுன்னு இழுத்துக்கிட்டே போகுது. படம் பாத்துட்டேன், அதனால கதையைச் சொல்லிட்டாலும் பரவாயில்லை. மிச்சத்தைப் படிக்கணுமா, இல்ல வேற நாவலுக்குப் போயிடலாமா?

வில்லியனூர் வாசகி:
நானும் அந்த இடத்துலதான் மூடி வெச்சேன், இன்னும் திறக்கலை. எனக்கு அதுக்கு முன்னாடியே ஒரு மனத்தாங்கல் இருந்துச்சு. அந்த நாவல்ல தெற்கேயிருந்து யானை மேல வர்ற கறுப்பு நிறத்து ஆளுங்க எல்லாரும் எதிரிப் படைதான். நம்ம ஊர்ல உக்காந்து அதைப் படிக்கும்போது மனசு சுருங்கிப் போச்சு.

மஞ்சக்குப்பம் கிழக்கு:
தம்பி, தயவுசெஞ்சு மூடிடாதீங்க. முப்பது வருஷமா இந்த மாதிரி நாவல்களையே தேடித்தேடிப் படிக்கிறவன் நான். அந்த நாவலோட உயிரே நீங்க விட்டுட்டுப் போகப் பாக்குற இடத்துலதான் இருக்கு. மூணு பாகத்தையும் உள்ளுக்குள்ள ஆறு புத்தகமாப் பிரிச்சிருக்கும்; அதுல ஆறாவது புத்தகத்துல எட்டாவது அத்தியாயம். 2003ல வந்த மூணாவது படத்துல அது கிடையாது, அதனால படம் பாத்த உங்களுக்கும் அது புதுசுதான்.

எனக்கே அது ரொம்ப லேட்டாத்தான் உறைச்சது. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழசா வாங்கின ஒரே தடிப்புத்தகம் என்கிட்ட இருந்துச்சு. ரெண்டு தடவை படிச்சு, சண்டை வர்ற பக்கமெல்லாம் ஓரம் மடிச்சு வெச்சிருந்தேன். 2011 டிசம்பர் 30 விடியக்காலையில தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுச்சு. பண்ருட்டிப் பக்கம் எங்க ஆயாவுக்கு ரெண்டு காணி முந்திரிக் கொல்லை, வரப்போரத்துல ஒரு பலா. நாங்க போய்ச் சேர்ந்தப்ப கொல்லையில நிக்கிற மரம்னு ஒண்ணு இல்லை. பலா வேரோட சாஞ்சு கிடக்கு, வேர்ல செம்மண் ஈரத்தோட ஒட்டியிருக்கு. ஆயா அழலை. சாஞ்ச மரத்துல இருந்த பிஞ்சையெல்லாம் ஒண்ணொண்ணாத் திருகி மடியில கட்டிக்கிட்டிருந்தாங்க.

பதினெட்டு நாள் கரண்ட் இல்லை. சிம்னி விளக்கு வெளிச்சத்துல மூணாவது தடவையா அந்த எட்டாவது அத்தியாயத்துக்கு வந்தேன். மோதிரத்துக்காக ஊரை விட்டுக் கிளம்பின நண்பர்கள் நாலு பேரும் ஜெயிச்சுட்டு ஊர் திரும்புறாங்க. ஊர்ல மரங்களை வெட்டித் தள்ளியிருக்காங்க. பழைய ஆலையை இடிச்சுட்டுப் புதுசு கட்டி, அதோட கழிவு ஓடையில கலக்குது. முதல் அத்தியாயத்துல பிறந்தநாள் விருந்து நடந்துச்சே, அந்த மரமும் வெட்டுப்பட்டு மைதானத்துல கிடக்குது. அதைப் பாத்ததும் அந்த நாலு பேர்ல ஒருத்தனான சாம் கதறிடுறான். அவ்வளவு பெரிய எரிமலைப் பயணத்தைத் தாங்கினவன், ஒரு மரத்துக்காக உடைஞ்சு போறான். நான் விளக்கைத் தணிச்சுட்டு வெளிய வந்து கொஞ்ச நேரம் நின்னேன்.

அப்புறம் சாம் என்ன செய்றான் பாருங்க. அவன் தோட்டக்காரன். வழியில கலாத்ரியல்ங்கிற எல்ஃப் ராணி கொடுத்த சின்னப் பெட்டியில மண்ணும் ஒரே ஒரு விதையும் இருக்கு. வெட்டின இடத்துலயெல்லாம் கன்னு நட்டு, ஒவ்வொண்ணோட தூர்லயும் ஒரு துளி மண்ணை வைக்கிறான். விதையை அந்த மைதானத்துல ஊனுறான். அடுத்த வசந்தத்துல இருபது வருஷ வளர்ச்சி ஒரே வருஷத்துல வந்துடுது. எங்களுக்கு அந்த மண்ணு கிடைக்கலை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ-3 ரக முந்திரி ஒட்டுக்கன்னு வாங்கி நட்டோம், காசு பாக்க வருஷங்கள் ஆச்சு. ஆனாலும் குழி தோண்டும்போதெல்லாம் எனக்கு சாம் ஞாபகம்தான்.

மோதிரத்தைச் சுமந்துட்டுப் போன ஃப்ரோடோவுக்கு மட்டும் காயம் ஆறவே மாட்டேங்குது. கத்திக்குத்து பட்ட அக்டோபர் 6 வந்தா வருஷா வருஷம் படுத்துடுறான். இதை டோல்கீன் சும்மா எழுதலை. முதல் உலகப் போர்ல, 1916ல பிரான்சோட சோம் போர்க்களத்துல நின்னவர் அவர். 1918க்குள்ள நெருங்கின நண்பர்கள்ல ஒருத்தரைத் தவிர எல்லாரையும் இழந்துட்டதா ரெண்டாம் பதிப்போட முன்னுரையில எழுதியிருக்கார். சின்ன வயசுல வாழ்ந்த ஊர், தனக்குப் பத்து வயசு ஆகுறதுக்குள்ளயே சீரழிஞ்சதையும் அதே முன்னுரையில சொல்றார். எங்க ஆயாவும் அதுக்கப்புறம் மார்கழிக் காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலே எழுந்து உக்காந்துடுவாங்க.

சகோதரி, நீங்க சொன்ன குறை நிஜம், அதை நான் மறுக்க மாட்டேன். நாலாவது புத்தகத்துல செத்துக் கிடக்கிற ஒரு தெற்கத்தியானைப் பாத்து சாம் நினைக்கிறது மட்டும் எனக்கு ஆறுதல். இவன் பேரு என்ன, எந்த ஊர்க்காரன், உள்ளுக்குள்ள நிஜமாவே கெட்டவனா, இல்ல எந்தப் பொய் இவனை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்துச்சுன்னு யோசிக்கிறான். அந்தப் பத்தி போதாது. இன்னும் பத்துப் பக்கம் எழுதியிருக்கணும்.

லாஸ்பேட்டை மாணவன்:
எட்டாவதை இப்பதான் முடிச்சேன் அண்ணே. தூக்கம் வரலை. அந்தப் பலா நின்ன இடத்துல இப்ப என்ன இருக்கு?

மஞ்சக்குப்பம் கிழக்கு:
ஒண்ணும் நடலை தம்பி. ஆயா இருந்தவரைக்கும் நட விடலை. முந்திரி காய்க்குது. வர்ற ஏப்ரல்ல கொட்டை பொறுக்கப் போறோம், முடிஞ்சா வாங்க.