கஞ்சா கேஸ், 50-வது பிரிவு: பை உடம்பில் சேர்த்தியா?

வைகைக்கரையான்: ‘மாஜிஸ்திரேட் இல்லாமல் போலீஸ் சோதனை போட்டால் கஞ்சா கேஸ் அன்றைக்கே காலி’ என்று ஒருவர் பேசிய வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பார்த்து எரிச்சல்தான் வந்தது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 50-வது பிரிவு அப்படிச் சொல்லவே இல்லை. ‘கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை போடச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு’ என்று பிடித்தவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால்தான் கேஸ் ஆடும். 1999-ல் பல்தேவ் சிங் வழக்கு, 2010-ல் ஜடேஜா வழக்கு, இரண்டுமே உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் சொன்னது.

பழைய ஏட்டு: வக்கீலய்யா வந்துவிட்டார். நான் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து 19 வருஷம் மகஜர், அதாவது சோதனை, பறிமுதல் பற்றிய குறிப்பு, எழுதியவன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். 50 ஆளின் உடம்பைச் சோதிப்பதற்குத்தானே? சரக்கு இருந்தது பையில். பை உடம்பா?

வைகைக்கரையான்: பையைப் பற்றி நான் பேசவே இல்லையே.

பழைய ஏட்டு: பேச மாட்டீர்கள். 2005-ல் பவன் குமார் வழக்கில் மூன்று நீதிபதிகள் பை வேறு, உடம்பு வேறு என்று சொல்லிவிட்டார்கள். கஞ்சாவைச் சட்டைப் பையிலா கொண்டு வருகிறான்? கம்பத்திலிருந்து வருகிறவன் தோளில் பையோடுதான் பஸ் ஏறுகிறான். பை உடம்பா இல்லையா?

தேனிக்காரன்: அண்ணே, எங்கள் ஊரை ஏன் இழுக்கிறீர்கள்? இன்றைக்குப் பாதிச் சரக்கு ஆந்திராவிலிருந்து ரயிலில் வருகிறது.

பழைய ஏட்டு: ரயிலில் வந்தாலும் பையில்தான் தம்பி வருகிறது.

வைகைக்கரையான்: சரி, பைக்கே வருகிறேன். 2014-ல் பரமானந்த் தீர்ப்பைப் படியுங்கள். பையோடு ஆளையும் தடவிப் பார்த்தால் 50 பொருந்தும். அந்தக் கேஸில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாளில் உரிமையைச் சொன்னார்கள். போதாததற்கு, ‘நம் சூப்பரின்டென்டண்ட் முன்னாலும் சோதனை செய்துகொள்ளலாம்’ என்று சட்டத்தில் இல்லாத மூன்றாவது வழி ஒன்றையும் காட்டினார்கள். இரண்டுமே தப்பு என்றது உச்ச நீதிமன்றம். இங்கே நான் பார்த்த, ‘போலீஸே சோதிக்கலாம்’ என்கிற சம்மதக் கடிதம் எல்லாமே முன்கூட்டியே டைப் அடித்தவை. பேரும் தேதியும் மட்டும் பேனாவில். ஒரு கேஸ் கட்டில் நான்கு பேருக்கும் அதே வாக்கியம், அதே எழுத்துப்பிழை. ‘முன்னிலையில்’ என்பதில் ஒரு ‘ன்’ குறைவு. நான்கு பேரும் ஒரே பிழையோடா சம்மதித்தார்கள்?

பழைய ஏட்டு: எழுத்துப்பிழைக்கு விடுதலை வாங்கும் வக்கீல் நீங்கள்தான் ஐயா. 2014-ல் சொன்னது இரண்டு நீதிபதிகள். மூன்று பேர் சொன்னதை இரண்டு பேர் மாற்ற முடியுமா? 2019-ல் பல்ஜிந்தர் சிங், 2023-ல் ரஞ்சன் குமார் சத்தா. இரண்டிலும் பைக்கும் வண்டிக்கும் 50 கிடையாது. பை உடம்பா?

மல்லிகா: என் தம்பி ஒரு கஞ்சா கேஸில் 14 மாதம் உள்ளே இருந்தான். சோதனை போட்ட இடம் பஸ் ஸ்டாண்டு என்று மகஜரில் இருந்தது. பிடித்தது எங்கள் வீட்டுத் திண்ணையில். தெருவே பார்த்தது. கோர்ட்டுக்கு வந்து சொல்ல ஒருவர்கூட இல்லை. உங்கள் பைச் சண்டையில் அதற்கு என்ன பதில்?

பழைய ஏட்டு: எல்லாக் கைதியின் அக்காவும் திண்ணை என்றுதான் சொல்வார்கள் அம்மா.

வைகைக்கரையான்: இது என்ன பேச்சு? திண்ணையைப் பஸ் ஸ்டாண்டாக மாற்றுவது எதற்கு என்று 19 வருஷம் எழுதியவருக்குத் தெரியாதா? வீட்டுக்குள் என்றால் 42-வது பிரிவு. வந்த தகவலை எழுத வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொது இடம் என்றால் 43, அந்த வேலை இல்லை. சாட்சி மட்டும் எல்லா மகஜரிலும் அதே டீக்கடைக்காரர்.

பழைய ஏட்டு: டீக்கடைக்காரர் பொய் சொல்வாரா? பஸ் ஸ்டாண்டில் அவர்தானே இருப்பார், நீங்களா இருப்பீர்கள்? சோதனையில் தப்பிருந்தாலும் கிடைத்த சரக்கு கிடைத்ததுதான். 1973-லேயே பூரன் மல் வழக்கில் சொல்லிவிட்டார்கள்.

வைகைக்கரையான்: அது வருமான வரி ரெய்டு! 50-ஐ மீறி எடுத்த சரக்கு ஆளிடம் இருந்தது என்று காட்ட அந்தச் சரக்கையே ஆதாரமாக்க முடியாது என்று பல்தேவ் சிங்கில் தனியாகச் சொன்னார்கள். நீங்கள் தீர்ப்பின் தலைப்பை மட்டும் படிக்கிறவர். போன மாதம் விபத்து நஷ்டஈட்டு விவாதத்திலும் இதே கதை.

பழைய ஏட்டு: நஷ்டஈட்டில் நான் சொன்னதுதான் சரி. அன்றைக்குப் பாதியில் ஓடியது யார்?

வைகைக்கரையான்: எனக்குக் கோர்ட் இருந்தது.

தேனிக்காரன்: ஞாயிற்றுக்கிழமையிலா அண்ணே?

மல்லிகா: அந்த 72 மணி நேரத் தகவலை இப்போது எப்படிக் கேட்டு வாங்குவது? மனு போட வேண்டுமா? யாராவது சொல்லுங்களேன்.

பழைய ஏட்டு: ஞாயிற்றுக்கிழமை கோர்ட்! தம்பி சரியாகப் பிடித்தார். வக்கீலய்யா, அந்தப் பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், போடட்டுமா? அதற்கு முன்னால் பைக்குப் பதில் சொல்லுங்கள்.