புதுப்பிப்பு: புகைபோக்கிக்கு மூடி போட்டாச்சு

மன்னார்குடிப் பக்கம் எங்க பழைய ஓட்டு வீட்டு விறகடுப்புப் புகைபோக்கியில மழையும் மைனாவும் இறங்குது, எந்த மூடி போடலாம்னு கேட்டிருந்தேன்ல?

304-ங்கிற தரத்து எவர்சில்வர்ல போட்டாச்சு. தகரம் மலிவுதான். ஆனா விறகுக் கரியில ஈரம் சேர்ந்தா அமிலமாகித் தகரத்தை அரிச்சிடும். வேதாரண்யம், நாகைன்னு கடலோரத்துல இருக்கிறவங்க 316 தரத்தைக் கேட்டு வாங்குங்க, உப்புக்காத்தை அது இன்னும் நல்லாத் தாங்கும்.

சுத்தி அரை அங்குலக் கண் வலை. கொசுவலை அடிக்கச் சொன்ன அண்ணாச்சிக்கு: பொடிக்கண்ணுல கரி அடைச்சு, புகை அடுப்படிக்கே திரும்பும். அப்புறம் அம்மாகிட்ட யார் வாங்கிக்கட்டிக்கிறது?

மாட்டுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு உள்ளே பார்த்துடுங்க. குஞ்சு இருந்தா பறந்து போறவரைக்கும் பொறுங்க. கூகை ஆந்தையா இருந்தா விரட்டவே வேண்டாம், வயல் எலியைப் பிடிக்கிறதே அதுதான்.

2018 கஜா புயல்ல கூரைத் தகரமெல்லாம் பறந்த ஊர் இது. அதனால சும்மா செருகி வைக்காம, நாலு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கியிருக்கு. கழட்டிக் கரி தட்டவும் சௌகரியம்.

காத்துல சுத்துற உருண்டை மூடி பத்திக் கேட்டவருக்கு: கரி படிஞ்சா பேரிங் சிக்கிக்கும்னு பட்டறைக்காரரே வேண்டாம்னுட்டார்.